ஒரே மாவு, பல பலகாரம்

(ஒரு விளம்பரத்தைப் பல சமூக வலைத்தளங்களுக்கு ஏற்ப அமைக்கும் முறை)

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை மாலையில் அம்மா ஆட்டி வைக்கும் மாவு திங்கட்கிழமை காலையில் இட்லியாகிறது. செவ்வாய்க்கிழமை அதே மாவு தோசையாகிறது. புதன்கிழமை சற்றுப் புளித்ததும் வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம் ஆகிறது. மீந்திருப்பதைக் குழியில் ஊற்றினால் பணியாரம். மாவு ஒன்றுதான், ஆட்டிய உழைப்பும் ஒருமுறைதான். ஆனால் இட்லிக்குரிய பதத்தில் இருக்கும் மாவை அப்படியே தோசைக்கல்லில் ஊற்றினால் தோசை வராது. சிறிது தண்ணீர் சேர்க்க வேண்டும்; உப்புப் பார்க்க வேண்டும்; கல் காய்ந்திருக்கிறதா என்று நீர் தெளித்துப் பார்க்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நான் இக்கட்டுரையில் சொல்ல வந்தது சமையற் குறிப்பு அன்று. சிறுதொழில் செய்யும் ஒருவர் ஒருமுறை உழைத்து உருவாக்கிய விளம்பரச் செய்தியை வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப், முகநூல் முதலிய பல வலைத்தளங்களில் எவ்வாறு மீண்டும் பயன்படுத்தலாம் என்பதைப் பற்றியே எழுதுகிறேன். மேற்கண்ட மாவின் கதையில் அதன் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பொருளை மாற்ற வேண்டியதில்லை. பதத்தை மாற்ற வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் செய்த ஒரு பிழையால், எனக்கு மிகவும் பிரியமான ஒருவர் பட்ட துன்பத்தின் வாயிலாகக் கற்றுக்கொண்டேன்.

பாடம் கற்பித்த கிறிஸ்துமஸ்

நாகர்கோவிலில் வாழும் என் சித்தி கிறிஸ்துமஸ் காலத்தில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் செய்து விற்பவர். சித்தப்பாவுக்கு உடல்நலம் குன்றிய பிறகு அந்த ஒரு மாத வருமானத்தில்தான் என் தம்பி, தங்கையின் அடுத்த ஆண்டுப் பள்ளிக்கட்டணம் அடங்கியிருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, “உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே” என்று சித்தி தம் விளம்பரப் பொறுப்பை என்னிடம் தந்தார். நானும் பெருமிதத்தோடு ஓர் அழகிய விளம்பரப் படத்தைக் கணினியில் அமைத்தேன். அது அகலவாட்டில் அமைந்த படம். இடப்பக்கம் பலகாரத்தின் புகைப்படம், நடுவில் விலை, வலப்பக்க ஓரத்தில் சிறிய எழுத்தில் “முன்பதிவுக்குக் கடைசி நாள் டிசம்பர் 15” என்ற அறிவிப்பு. அதை முகநூலில் இட்டேன். அழகாகவே இருந்தது. அதே படத்தை அப்படியே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டசிலும் இட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று உறங்கச் சென்றேன்.

இன்ஸ்டாகிராமில் படம் சதுரமாக வெட்டுப்பட்டு, வலப்பக்கத்து ஓரம் காணாமற் போயிற்று. வாட்ஸ்அப்பில் படம் முழுமையாக இருந்தாலும், நிமிர்ந்த கைபேசியின் நடுவில் ஒரு பட்டைபோலச் சுருங்கியதால், அந்தச் சிறிய எழுத்தை எவராலும் படிக்க இயலவில்லை. விளைவு என்ன? டிசம்பர் 21, 22 ஆகிய நாள்களிலும் ஆட்கள் முன்பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நாள் முடிந்துவிட்டது என்று சொன்னால், “எங்கே போட்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமே.

வந்த பணத்தைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், சித்தி கடையில் சில்லறை விலைக்குச் சிறுபயறு வாங்கி, இரண்டு இரவுகள் கண்விழித்துச் செய்தார். அவசரத்தில் பாகு பதம் தவறி, கடைசி ஈடு எண்ணெயிலேயே உடைந்தது. இறுதியில் பலருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் நேர்ந்தது. அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலியில் சித்தி கோயில் தூணில் சாய்ந்து உறங்கிவிட்டார். நான் அழுதபோது, “போட்டும் மக்களே, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்” என்று மட்டுமே சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். திட்டாததால் அடுத்த கிறிஸ்துமசுக்குள் இதை ஒழுங்காகக் கற்பது என்று முடிவு செய்தேன்.

இது புதிய கலை அன்று

ஒரு செய்தியைப் பல வடிவில் தருவது வலைத்தளங்கள் வந்த பிறகு தோன்றியது என்று எண்ணிவிடலாகாது. நம் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும். ஒரு திரைப்படம் வெளிவந்தால், அது கொட்டகையில் ஓடுவதோடு நிற்பதில்லை. பாட்டுப் புத்தகமாக அச்சாகும், இசைத்தட்டாகச் சுழலும், வானொலியில் ஒலிச்சித்திரமாக ஒலிபரப்பாகும், சுவரொட்டியாகத் தெருவில் நிற்கும். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசனத்தைப் படம் பார்க்காதவர்கள்கூடத் திருமண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் செய்தார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள். கண்ணுக்கென்று எடுத்த படத்தைக் காதுக்கென்று தந்தபோது, வசனமும் பாட்டும் முன்னே வந்தன. காட்சி பின்னே போயிற்று. கேட்பவருக்கு ஏற்ப எதை முன்னே வைப்பது என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

மற்றோர் எடுத்துக்காட்டு அமுல் நிறுவனத்தின் வெண்ணெய் விளம்பரம். குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வளர்ந்தது அமுல். புள்ளியிட்ட உடையும் நீல நிறக் கூந்தலும் கொண்ட அமுல் சிறுமியை 1966-இல் விளம்பரத்துறையைச் சேர்ந்த சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் உருவாக்கினார்கள். அன்றாட நிகழ்ச்சிகளைக் குறித்து ஒரு கேலிச் சித்திரமும் ஒரு சிலேடை வரியும் தருவதே அவ்விளம்பரத்தின் முறை. முதலில் பம்பாய் நகரத்து விளம்பரப் பலகைகளில் புகழ் பெற்ற அச்சித்திரங்கள் பின்னர் செய்தித்தாளுக்குச் சென்றன. 2012-இல் தனி நூலாகவும் வெளிவந்தன. இன்று சமூக வலைத்தளங்களில் நாள்தோறும் பலரால் பகிரப்படுகின்றன. சாலையில் விரைந்து செல்பவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளுமாறு அமைக்கப்பட்டதால்தான், அச்சித்திரம் கைபேசியை விரலால் தள்ளிச் செல்பவரையும் நிறுத்துகிறது. மூலச் செய்தி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தால், அது எந்த இடத்திற்கும் பெயரும் என்பதற்கு இதுவே சான்று.

ஒவ்வொரு தளத்திற்கும் ஓர் இயல்பு

சமூக வலைத்தளங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. அங்கு வருபவர் யார், எதற்காக வருகிறார், அவர் பார்ப்பது எவ்வளவு நேரம் நிலைக்கும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் வேறுபாடு விளங்கும்.

யூடியூப் (2005) ஒரு நூல்நிலையம் போன்றது. தேடுபவரே அங்கு மிகுதி. ‘முந்திரிக்கொத்து செய்வது எப்படி?’ என்று ஒருவர் இன்று தேடினாலும், மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடினாலும், நாம் இட்ட காணொலி அவர் கண்ணிற்படக்கூடும். ஆகவே அங்கு நீளமான, முழுமையான விளக்கம் பொருந்தும். காணொலியின் கீழுள்ள விளக்கப் பகுதியில் எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று 0:00 முதல் நேரக் குறிப்பு எழுதிவிட்டால், காணொலி தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து காட்டும். பார்ப்பவர் தமக்கு வேண்டிய இடத்திற்கு நேரே செல்லலாம்.

இன்ஸ்டாகிராம் (2010) கடைவீதி போன்றது. அங்கு உலாவுபவர் எதையும் தேடி வரவில்லை. கண்ணைக் கவர்ந்தால் நிற்பார். 2020 ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடை செய்தது. அதற்கடுத்த ஜூலையில் இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ என்னும் குறுங்காணொலிகளையும், செப்டம்பரில் யூடியூப் ‘ஷார்ட்ஸ்’ என்பதையும் நம் நாட்டில் தொடங்கின. தொடக்கத்தில் 15 நொடிகளாக இருந்த ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை நீளலாம். ஆயினும் நேரம் இருக்கிறது என்பதற்காக நீட்டக் கூடாது. முதல் இரண்டு மூன்று நொடிகளிலேயே பார்ப்பவரின் விரல் நின்றுவிட வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் 2,200 எழுத்துகள் வரை எழுத இடம் உண்டு. ஆனால் அங்கே இணைப்பு முகவரி எழுதினால், அது அழுத்தித் திறக்கக்கூடியதாக இராது. யூடியூப்பின் நீண்ட காணொலி விளக்கத்தில் எழுதினால் திறக்கும். இச்சிறு வேறுபாட்டை அறியாமல், “கீழே உள்ள இணைப்பை அழுத்துக” என்று எல்லா இடத்திலும் எழுதுவது வீண்.

முகநூல் (2004) நம் பெற்றோர், பெரியோர், வெளிநாட்டில் வாழும் உறவினர் ஆகியோர் கூடும் திண்ணை. அங்கே ஒரு நினைவையோ கதையையோ சற்று விரிவாக எழுதினாலும் பொறுமையுடன் படிப்பார்கள். “எங்கள் அம்மாச்சி இப்படித்தான் செய்வார்கள்” என்று பதிலும் எழுதுவார்கள்.

வாட்ஸ்அப் (2009) வீட்டு வாசல். நம் எண்ணைத் தெரிந்தவர்களே அங்கு இருக்கிறார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஒலிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். ஆகவே அங்கு கதை வேண்டியதில்லை. விலை, நாள், தொடர்பு ஆகிய மூன்றும் போதும். சிறு வணிகர்களுக்கென 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களை விலையுடன் பட்டியலிட்டு வைக்கவும் வசதி உண்டு.

2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்ற டுவிட்டரில், கட்டணம் செலுத்தாதவர் 280 எழுத்துக்குறிகளுக்குள் எழுத வேண்டும். இதில் தமிழர்க்கு ஒரு நுட்பம் உண்டு. ‘தமிழ்’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினியோ உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அதை ஐந்து என்று கணக்கிடும். ஆகவே தமிழில் எழுதும்போது இடம் நாம் நினைப்பதைவிட விரைவில் தீர்ந்துவிடும். சுருங்கச் சொல்லும் கலை அங்கே மிகவும் தேவை.

இத்தனை தளங்களையும் எல்லாரும் பயன்படுத்த வேண்டுமென்பது இல்லை. சித்தியிடம் வாங்குபவர்கள் எக்ஸ் தளத்தில் இல்லை. ஆகையால் அதை விட்டுவிட்டோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் அல்லவா?

தாய்ப் பதிவு

மறுபயன்பாட்டிற்கு முதலில் ஒரு நல்ல ‘தாய்ப் பதிவு’ வேண்டும். மாவு நன்றாக இல்லாவிட்டால் எந்தப் பலகாரமும் நன்றாக இராது. சென்ற நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, சித்தி முந்திரிக்கொத்துச் செய்வதைத் தொடக்கம் முதல் முடிவு வரை அப்பாவின் கைபேசியில் படம் பிடித்தோம். கைபேசியை நிறுத்தத் தாங்கி இல்லை. அரிசி டப்பாவின் மேல் இரண்டு பாடப்புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வைத்தோம். சிறுபயறு வறுபடுவது, மாவாகத் திரிப்பது, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்வது, கருப்பட்டிப் பாகு காய்வது, உருண்டை பிடிப்பது, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில் விடுவது என எல்லாம் பதிவாயின. இடையிடையே நான் கேள்வி கேட்டேன். சித்தி தம் வழக்கமான பேச்சில் பதில் சொன்னார். அந்தப் பதில்களே பின்னர் பெருஞ்செல்வமாயின.

படம் பிடிக்கும்போது ஒரு கணக்கை நினைவிற் கொண்டோம். அகலவாட்டுக் காணொலியின் அளவு பொதுவாக 1920-க்கு 1080 புள்ளிகள்; அதாவது 16-க்கு 9 என்னும் விகிதம். ரீல்ஸ், ஷார்ட்ஸ், ஸ்டேட்டஸ் ஆகியவற்றிற்கு ஏற்றது 9-க்கு 16 என்னும் நெட்டுவாட்டு விகிதம். அகலப் படத்தின் முழு உயரமாகிய 1080-ஐ வைத்துக்கொண்டு நெட்டுவாட்டில் வெட்டினால் கிடைக்கும் அகலம் எவ்வளவு? 1080-ஐ 9-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 607.5 வரும். 1920-இல் இது நூற்றுக்கு ஏறத்தாழ 32 பங்குதான். அதாவது மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் படம் வெட்டுப்பட்டுப் போகும்! முந்திய ஆண்டு என் விளம்பரத்தின் கடைசி நாள் எப்படிக் காணாமற் போயிற்று என்பது இக்கணக்கைப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆகவே இம்முறை சித்தியின் கையும் வாணலியும் எப்போதும் நடு மூன்றிலொரு பங்கில் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். எழுத்துகளைப் படத்தின் மேல் நிலையாகப் பதிக்காமல், ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனியே சேர்த்தோம்.

ஒன்றிலிருந்து பல

அந்த ஒரே பதிவிலிருந்து நாங்கள் உருவாக்கியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. யூடியூப்பில் ஒன்பது நிமிடக் காணொலி: செய்முறை முழுவதும் அடங்கியது. தலைப்பு, தேடுபவர் எழுதக்கூடிய சொற்களிலேயே அமைந்தது.

2. ரீல்சும் ஷார்ட்சும்: முப்பது நொடி. தொடக்கமே சித்தியின் குரல்: “முந்திரிக்கொத்துல முந்திரியே கிடையாது!” பார்ப்பவர் வியந்து நிற்பார். பிறகு விளக்கம்: திராட்சைக்குக் கொடிமுந்திரி என்றொரு பெயர் உண்டு; மூன்று உருண்டைகள் ஒட்டிய இப்பலகாரம் திராட்சைக் கொத்துப்போல இருக்கிறது. நீண்ட காணொலியில் இது ஐந்தாம் நிமிடத்தில் வந்த பேச்சு. குறுங்காணொலியில் அதை முதலில் வைத்தோம்.

3. இன்ஸ்டாகிராமில் ஆறு படங்கள் கொண்ட பதிவு: காணொலியிலிருந்து ஆறு காட்சிகளை நிறுத்திப் படமாக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதினோம். ஆறாவது படத்தில் விலையும் கடைசி நாளும் மட்டும்.

4. முகநூலில் ஒரு நினைவுக் குறிப்பு: சித்தி இப்பலகாரத்தைத் தம் மாமியாரிடம் கற்ற கதையை அவர் சொன்னபடியே எழுத்தாக்கி, ஒரு புகைப்படத்துடன் இட்டோம்.

5. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: நெட்டுவாட்டில் ஒரே படம்; பெரிய எழுத்தில் விலையும் நாளும். ஒருநாளில் மறைவதால், நாள் நெருங்க நெருங்க வரியை மட்டும் மாற்றிப் பலமுறை இட்டோம்.

6. வாட்ஸ்அப் செய்தி: படம் திறக்காதவர்க்கும் பயன்படுமாறு, விவரம் முழுவதையும் எழுத்தாகவே ஐந்து வரிகளில் அனுப்பினோம்.

7. அச்சிட்ட அறிவிப்பு: கைபேசி பயன்படுத்தாத பெரியவர்களுக்காக, மூன்றாவது பதிவின் படத்தையே வெள்ளைத்தாளில் அச்சிட்டுத் தெருமுனைக் கடையில் ஒட்டினோம்.

ஒரு சனிக்கிழமை உழைப்பு ஒரு மாதத்திற்கு வந்தது. சித்தி மீண்டும் மீண்டும் படமெடுக்க நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏழையும் ஒரே நாளில் வெளியிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரே மனிதர் மூன்று தளங்களில் இருக்கக்கூடும். அவர் ஒரே நாளில் மூன்று முறை பார்த்தால் சலிப்படைவார். வாரத்திற்கு ஒன்றிரண்டு என்று பிரித்து வெளியிட்டால், ஒவ்வொன்றும் மற்றொன்றை நினைவூட்டும்.

மாற்றக் கூடாதவை

பதத்தை மாற்றலாம் என்றேன். எதை மாற்றக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, உண்மை. சுருக்கும்போது பொருள் திரியக் கூடாது. “கருப்பட்டியும் வெல்லமும் கலந்து செய்தது” என்று காணொலியில் சொல்லிவிட்டு, சிறிய படத்தில் இடமில்லை என்று “கருப்பட்டியில் செய்தது” என எழுதினால் அது பொய்யாகிவிடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் ஐந்து வரியில் சுருக்கித் தரும்படி கேட்டோம். அழகாகத்தான் எழுதித் தந்தது. ஆனால் “உடல் எடையைக் குறைக்கும்” என்று நாங்கள் சொல்லாத ஒன்றையும் சேர்த்திருந்தது! எண்ணெயில் பொரித்த பலகாரம் எடையைக் குறைக்கும் என்றால் யார் நம்புவார்? தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். யார் சுருக்கினாலும், பொருளுக்கு உரியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்த பின்பே வெளியிட வேண்டும். உணவுப் பொருள் விற்பவர் வீட்டிலிருந்தே செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, தமக்குரிய 14 இலக்க எண்ணைப் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் தோழியர் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, நாளும் விலையும். இவை எல்லா வடிவங்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும். முந்திய ஆண்டு நான் அமைத்த படத்தில் ஆண்டு இல்லை. யாரோ அதைச் சேமித்து வைத்திருந்து சென்ற டிசம்பரில் மீண்டும் பலருக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்தவர் பழைய விலைக்கே வேண்டும் என்று கேட்டார். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பும் வலைத்தளத்தில் இட்ட படமும் திரும்பி வருவதில்லை.

மூன்றாவது, பிறர் உடைமை. திரைப்படப் பாடலைப் பின்னணியில் சேர்த்தால் காணொலி இனிமையாக இருக்கும்தான். ஆனால் பாடலின் உரிமை பிறருக்கு உரியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அதைக் காக்கிறது. ஒரு தளம் தன் இசைத் தொகுப்பிலிருந்து பயன்படுத்த அனுமதித்த பாடலை, மற்றொரு தளத்தில் இடவும் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாகாது. நாங்கள் எண்ணெய் பொரியும் ஓசையையே பின்னணியாக வைத்தோம். அதைவிடப் பொருத்தமான இசை வேறு எது?

நான்காவது, ஒரு தளத்தின் முத்திரையோடு மற்றொரு தளத்தில் இடக் கூடாது. வேறு செயலியின் சின்னம் தெரியும் காணொலிகளைத் தன் பரிந்துரைகளில் குறைவாகவே காட்டுவதாக இன்ஸ்டாகிராம் 2021-இல் அறிவித்தது. ஆகவே ஒரு தளத்திலிருந்து தரவிறக்கி மற்றொன்றில் ஏற்றாமல், கையிலுள்ள மூலப் பதிவிலிருந்தே ஒவ்வொன்றையும் அமைக்க வேண்டும். மூலத்தைப் பத்திரமாகச் சேமித்து வைப்பதும் இதனால் இன்றியமையாததாகும்.

ஐந்தாவது, மனிதர்கள். என் தம்பியும் தங்கையும் சில காட்சிகளில் ஓடி வந்தார்கள். அழகாகவே இருந்தது. ஆயினும் சித்தி, “பிள்ளைங்க முகம் வேண்டாம்” என்றார். நீக்கிவிட்டோம். கணக்கும் கைபேசி எண்ணும் சித்தியுடையவை; நான் உதவி செய்பவள் மட்டுமே. நம் வயதுப் பெண்கள் வீட்டுப் பெரியோர் அறியாமல் தம் படத்தையோ எண்ணையோ விளம்பரத்தில் இடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

விருப்பக்குறி வேறு, விற்பனை வேறு

எந்தப் பதிவு பயன் தந்தது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. முன்பதிவு செய்பவரிடம், “எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு வந்தோம். முடிவு எனக்கு வியப்பளித்தது. மிகுதியான விருப்பக்குறிகள் பெற்றது இன்ஸ்டாகிராம் குறுங்காணொலி. ஆனால் மிகுதியான முன்பதிவு வந்தது, எவரும் பாராட்டாத வாட்ஸ்அப் ஸ்டேட்டசிலிருந்து! முகநூல் குறிப்பைப் படித்தவர்கள் வெளியூரிலுள்ள தம் பிள்ளைகளுக்காக வாங்கினார்கள். தெருமுனைக் கடையின் காகிதத்தைப் பார்த்தும் சிலர் வந்தார்கள். யூடியூப் காணொலியிலிருந்து டிசம்பரில் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் பொங்கலுக்குப் பின், வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பெண்மணி அதைப் பார்த்துத் தம் மகளின் திருமணத்திற்காகக் கேட்டு எழுதினார். கீரை விதைத்தால் சில வாரங்களில் பறிக்கலாம். தென்னை நட்டால் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரண்டும் தோட்டத்திற்குத் தேவையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு விளம்பரத்தைப் பல தளங்களில் பயன்படுத்துவது என்பது ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டுவது அன்று என்பது விளங்கும். நல்ல மூலப் பதிவு ஒன்றைச் செய்தல், ஒவ்வொரு தளத்தின் அளவையும் வருபவரின் இயல்பையும் அறிதல், எதை முன்னே வைப்பது எதைக் குறைப்பது என்று தேர்தல், உண்மையையும் நாளையும் விலையையும் மாறாமற் காத்தல், பயனைக் கணக்கிட்டுப் பார்த்தல் ஆகிய ஐந்துமே அதன் படிகளாம்.

தோழியரே! நம்மில் பலருடைய வீட்டில் தையல் இயந்திரமோ, ஊறுகாய்ப் பானையோ, பூக்கூடையோ இருக்கிறது. அவற்றின் பின்னால் ஓர் அம்மாவோ அத்தையோ சித்தியோ இருக்கிறார். அவர்களுக்கு நேரம் குறைவு. நமக்கோ இக்கருவிகளைப் பற்றிச் சிறிது தெரியும். நாம் கற்றதை அவர்களுக்காகச் செலவிடுவோம். ஆனால் பொறுப்பின்றிச் செய்தால், நம் பிழையின் சுமையையும் அவர்களே சுமப்பார்கள் என்பதை மறவாதிருப்போம்.

சென்ற கிறிஸ்துமசுக்குக் கடைசி நாள் கடந்தபின் கேட்டு வந்தவர் ஒருவரே. அவரும், “நாள் போட்டிருந்தீர்கள், நான்தான் கவனிக்கவில்லை” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டிசம்பர் 23-ஆம் நாள் இரவு சித்தி பத்து மணிக்கே உறங்கச் சென்றார். மறுநாள் நள்ளிரவுத் திருப்பலியில் என் அருகில் நின்று, கடைசிப் பாடல்வரை குரலெடுத்துப் பாடினார்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி